சூடு இருக்கிறது, வெப்பம் எங்கே?

இலங்கையின் ஊவா மாகாணத்தில் உள்ள நமுனுகுல மலையின் உச்சி 2,036 மீற்றர். மார்கழி, தை மாதங்களில் அதன் சரிவுகளில் உள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், விடியற்காலைக் குளிர் எலும்புவரை இறங்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறவர்களின் வாயிலிருந்து ஆவி பறக்கும். ஓரிடத்தில் தீ மூட்டி, அந்தச் சூட்டைக் குழாய் வழியே வீடு முழுவதற்கும் அனுப்பும் ஏற்பாடு ஐரோப்பாவிலும் கனடாவிலும் சாதாரணம். இங்கே எந்த வீட்டிலும் அது கிடையாது. ஆனால் அதே ஏற்பாடு இந்த மலைகளில் ஒரு கட்டடத்துக்குள் பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைதான் அது.

பசறையிலிருந்து நமுனுகுலவுக்கு ஏறும் பாதையிலோ, பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெலிப் பக்கமோ போனவர்கள் பார்த்திருப்பார்கள்: தகரக் கூரை, மூன்று நான்கு மாடி, வரிசை வரிசையாக ஜன்னல்கள். கீழ்த்தளத்தின் ஓர் ஓரத்தில் விறகு அடுப்பு. அதன் புகை இரும்புக் குழாய்களுக்குள் ஓடிப் புகைபோக்கி வழியே வெளியேறும். அதே குழாய்களின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு சுத்தமான காற்று போகும். புகையும் காற்றும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இரும்பின் ஊடாக வெப்பம் மட்டும் கைமாற வேண்டும். இப்படிச் சூடேறிய காற்றைப் பெரிய விசிறியொன்று இழுத்து, அரைத்த கொழுந்து காயும் டிரையருக்குள் தள்ளும். இன்னொரு பங்கு, வெளிக்காற்றோடு கலந்து இளஞ்சூடாகி, பச்சைக் கொழுந்து வாடும் தளங்களுக்குப் போகும். பனிநாட்டு வீட்டின் நிலவறையில் இருக்கும் வெப்பமூட்டிக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. ஒரு தீ, ஒரு வெப்பமாற்றி, ஒரு விசிறி, பல அறைகள்.

இந்த ஒற்றுமை தற்செயலானதும் அல்ல. சாமுவேல் டேவிட்சன் என்ற பெல்ஃபாஸ்ட் நகரத்து இளைஞர் 1864இல் அசாமின் கச்சாருக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். அக்காலத்தில் தேயிலையைக் கரி நெருப்பின் மேல் தட்டுகளில் பரப்பிக் கைகளால் புரட்டிக் காயவைத்தார்கள். அந்த வேலையைச் சூடான காற்றைக் கொண்டு செய்ய முடியும் என்று கண்ட டேவிட்சன், உலர்த்தும் இயந்திரங்களை உருவாக்கி, 1881இல் பெல்ஃபாஸ்டில் 'சிரொக்கோ' தொழிற்சாலையைத் தொடங்கினார். ஆசியாவின் தேயிலை நாடுகளெங்கும் அந்தப் பெயர் பொறித்த இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தன. தேயிலையைக் காயவைக்க அவர் மேம்படுத்திய விசிறிகள் பிறகு கப்பல்களுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் காற்றைச் செலுத்தின. 1903இல் பெல்ஃபாஸ்டில் திறக்கப்பட்ட றோயல் விக்டோரியா மருத்துவமனையின் வார்டுகளுக்கு வெப்பக் காற்றை அனுப்பியவையும் சிரொக்கோ விசிறிகளே. அங்கே உள்ளே இழுக்கப்படும் காற்று, நனைத்துத் தொங்கவிட்ட தென்னந்தும்புக் கயிறுகளுக்கு நடுவே புகுந்து தூசி நீங்கி, அதன்பின் சூடேற்றப்பட்டது. கொழுந்துக்காகக் கற்றது நோயாளிகளுக்கு உதவியது. ஆகவே நமுனுகுலவின் ஸ்டோரில் கோளாறு கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு டொரொன்டோவில் இருக்கும் பேத்தியின் வீட்டு வெப்பமூட்டியிலும் கோளாறு கண்டுபிடிக்கத் தெரியும். என்னுடைய உறுதியான எண்ணம் இது.

எங்கே தொடங்குவது? பெரும்பாலானோர் வெப்பமானியில் தொடங்குகிறார்கள். அங்கேதான் ஏமாற்றமும் தொடங்குகிறது.

சூடு வேறு, வெப்பம் வேறு. வெப்பநிலை என்பது ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைச் சொல்லும். அதில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதைச் சொல்லாது. தீபாவளி மத்தாப்பின் பொறி ஆயிரம் பாகை அளவுக்குச் சூடானது, ஆனால் புறங்கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி, ஏனென்றால் அதன் எடை அணுவளவு. டிரையருக்குள் போகும் காற்றுக்கும் இதே விதிதான். காற்று கொண்டுவரும் வெப்பம், அதன் சூட்டையும் அது எவ்வளவு வருகிறது என்பதையும் பெருக்கி வருவது. இரண்டில் ஒன்றை மட்டும் காட்டும் கருவியை நம்பி மற்றதை மறந்துவிடுகிறோம்.

விசிறியை ஓட்டும் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. குறைந்த காற்று அதே குழாய்களைக் கடப்பதால் முன்பைவிட அதிகம் சூடாகும், வெப்பமானி ஏறும். அடுப்படியில் நிற்பவர் அதைப் பார்த்து விறகைக் குறைப்பார். முள் மறுபடியும் 95 பாகை செல்சியஸில் நிற்கும். வெப்பநிலை சரி, விறகும் மிச்சம். ஆனால் தேயிலைக்குப் போய்ச் சேரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். காயவேண்டியது காயாமல் வெளியே வரும். "இன்னைக்குக் கொழுந்து ஈரம்" என்று பழி கொழுந்தின் மேல் விழும்.

அனுபவசாலி இதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பிடிப்பார். "பேன் சத்தம் மாறியிருக்குங்க ஐயா, பெல்ட்டப் பாக்கச் சொல்லுங்க" என்று தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் ஒருவர் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கப்பிக்குக் கீழே தரையைப் பார்த்தாலே சாட்சி கிடைக்கும்: வழுக்கும் பெல்ட் தேய்ந்து மெல்லிய கரும்பொடியாகக் கொட்டியிருக்கும். கப்பியின் பள்ளம் கண்ணாடியாக மினுமினுக்கும். கிட்டப் போனால் இறப்பர் கருகும் வாடை. கனடா வீட்டில் பெல்ட்டுக்குப் பதில் தூசி அடைத்த வடிகட்டி இதே வேலையைச் செய்யும். காற்று போதாமல் வெப்பமாற்றி அளவுமீறிச் சூடேற, பாதுகாப்பு ஆளி தீயை அணைத்துவிடும். சற்று ஆறியதும் மறுபடி பற்றும். வீடு குளிரும், இயந்திரமோ எரிந்து எரிந்து அணையும். புதிய இயந்திரம் வாங்குமுன் வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது நல்லது.

மலை உயரமும் இதில் பங்கு கேட்கும். 1,200 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி, அதே வேகம், ஆனால் தள்ளும் காற்றின் எடை குறைவு. கொழும்பில் போதுமாக இருக்கும் விசிறி நமுனுகுலவில் போதாமல் போகலாம்.

ஒரு வெப்பமானி போதாது, இரண்டு வேண்டும். தட்டுகள் சங்கிலியில் ஓடும் பழைய வகை டிரையரில், உள்ளே நுழையும் காற்று 90 முதல் 100 பாகை வரையிலும் வேலை முடித்து மேலே வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகை வரையிலும் இருப்பது வழக்கம். கோளாறு கண்டுபிடிப்பவருக்கு இந்த இரண்டாவது எண்ணே முக்கியம். நுழையும் காற்று சரியாக இருந்தும் வெளியேறும் காற்று 50க்குக் கீழே போனால், தட்டில் இலை தடிப்பாகப் பரப்பப்பட்டிருக்கிறது, அல்லது கொழுந்து சரியாக வாடவில்லை, அல்லது விசிறி சோர்ந்துவிட்டது. அந்த நிலையில் இலையில் உள்ள நொதியங்கள் உடனே சாகாமல் ஈரச்சூட்டில் வேலையைத் தொடரும். தேயிலை அவிந்து, சாயத்தில் உயிர் இருக்காது. வெளியேறும் காற்று அளவுமீறிச் சூடாக இருந்தால், இலை மிக மெல்லியதாகப் பரவியிருக்கிறது, அல்லது தட்டுகளின் இடைவெளிகளில் காற்று இலையைத் தொடாமலே தப்பிப் போகிறது. நுழையும் காற்றே ஏறியும் இறங்கியும் ஆடினால் குற்றம் அடுப்பில்: ஒரேயடியாக விறகை அள்ளிப் போட்டுவிட்டு அரைமணி நேரம் திரும்பிப் பாராத பழக்கம் அது.

சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று நினைப்பதும் தவறு. மேற்புறம் சடுதியில் இறுகி ஓடாகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். கையில் எடுத்தால் மொறுமொறுவென்று இருக்கும் அந்தத் தேயிலை, மூட்டைக்குள் சில வாரம் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஊவாவுக்கு இதில் இழப்பு இன்னும் அதிகம். ஆடி முதல் புரட்டாதி வரை, மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்கும் கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறுகிறது. மெதைல் சலிசிலேற்று முதலிய எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் அதற்குக் காரணம். அளவுமீறிய சூடு முதலில் விரட்டுவது அவற்றைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் எண்பது வரை தண்ணீர். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு கொழுந்து வேண்டும். வாடும்போதே ஏறத்தாழ இரண்டேகால் கிலோ தண்ணீர் போய்விடும். டிரையர் போக்கவேண்டியது 1.2 கிலோ அளவே. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2.4 மெகாயூல் வெப்பம் தேவை. நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகு 14 மெகாயூல் தரும். அப்படியானால் 200 கிராம் விறகு போதும். வெளியேறும் காற்றோடு தவிர்க்க முடியாமல் போகும் வெப்பத்தையும் புகைபோக்கி வழியே போவதையும் சேர்த்தால்கூட அரைக் கிலோவில் முடிக்கலாம். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் எரிக்கும் அடுப்புகள் அரிதல்ல. மழைக்காலத்தில் கொழுந்தை வாட்டவும் சூடு தேவை என்பது உண்மை. அதைக் கழித்த பிறகும் மிஞ்சுவது கோளாறுகளின் மொத்தத் தொகை. மலையில் ஒரு மரம் வெட்டப்படும்போது அதில் பாதி யாருக்கும் பயன்படாமல் போகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் தொகையில் பெரிய பங்கு ஈர விறகுக்கு. புதிதாக வெட்டிய யூகலிப்டஸ் கட்டையில் பாதி எடை தண்ணீர். அதை அப்படியே அடுப்பில் போட்டால், கிடைக்கும் வெப்பம் கிலோவுக்கு 8 மெகாயூல் அளவுதான்; காய்ந்த விறகு தருவதில் பாதிக்குச் சற்று மேல். விறகுக்காரருக்குக் காசு எடைக்குத்தான் கொடுக்கப்படுகிறது என்றால், தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, மேலும் விறகு எரித்து அந்தத் தண்ணீரை ஆவியாக்கி அனுப்புகிறோம் என்று பொருள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று அடங்கும். காய்ந்த விறகின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை தானே கழன்று வரும். ஈர விறகு எரியும்போது மறுமுனையில் நுரை கட்டிச் சீறும். தண்ணீர் மரத்தைவிட்டுப் போவது பெரும்பாலும் வெட்டுமுகங்கள் வழியாக என்பதால், முழு உருளையாக ஓராண்டு போட்டு வைப்பதைவிடக் குட்டையாக வெட்டிப் பிளந்து, கூரைக்குக் கீழே காற்று ஊடாடும்படி அடுக்கினால் சில மாதங்களில் காயும். ஊவாவில் அதற்கான காலமும் இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கி, கொழுந்தை வாட்டவே சூடு தேவைப்படும் நாட்களில் எரிக்கவேண்டிய விறகைக் கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் பிளந்து அடுக்கிவிட வேண்டும். மணத்தைத் தரும் அதே காற்று விறகையும் காயவைத்துத் தரும், கூலி கேட்காமல்.

அடுப்பைத் திறக்காமலே அதன் நலத்தைத் தெரிந்துகொள்ளவும் வழியுண்டு. வெளியே வந்து புகைபோக்கியின் வாயைப் பார்க்கலாம். கரும்புகை என்றால் விறகுக்குப் போதிய காற்று இல்லை: அடுப்பு நிறைய அடைத்திருக்கிறார்கள், அல்லது கீழே கம்பிகளுக்கு இடையே சாம்பல் அடைத்திருக்கிறது. அடர்ந்த வெண்புகை ஈர விறகின் அடையாளம். சரியாக எரியும் அடுப்பின் புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிவது காற்றின் அலைவு மட்டுமே. கரும்புகை பல நாள் தொடர்ந்தால் குழாய்களுக்குள் கரி படியும். கரிப்படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தீ எப்போதும்போல எரியும், குழாயின் மறுபக்கத்துக் காற்றுக்குச் சூடு ஏறாது, அந்த வெப்பமெல்லாம் மேலே போய்விடும். ஆகவே புகைபோக்கியின் அடிப்பகுதியில் ஒரு வெப்பமானி பொருத்திக்கொண்டால், குழாய்களை எப்போது சுரண்ட வேண்டும் என்பதை அதுவே சொல்லும். வெப்பக் காற்றின் சூடு மாறாமலிருக்க, புகையின் சூடு வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் காலம் வந்துவிட்டது. ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குக் கற்பூரம் காட்டி வேலையைத் தொடங்கும் வழக்கம் இருக்கட்டும், அதோடு அந்த வெப்பமானியையும் ஒருமுறை பார்த்து எழுதிவைக்கலாம்.

இனி எல்லாவற்றிலும் பெரிய கோளாறு. ஆண்டுக்கணக்காகச் சூடேறிக் குளிர்ந்த இரும்புக் குழாய் ஒருநாள் மயிரிழை அளவு வெடிக்கும். விசிறி காற்றை இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் அந்த வெடிப்பு வழியே புகை சுத்தமான காற்றுக்குள் உறிஞ்சப்படும். சீனாவின் வூயி மலைப் பகுதியில் பைன் விறகுப் புகையில் வேண்டுமென்றே காட்டிச் செய்யும் லாப்சாங் சூச்சொங் என்ற தேயிலைக்கு அதுவே சிறப்பு. ஊவாத் தேயிலையில் புகை வாடை வந்தால் கொழும்பு ஏலத்தில் சுவை பார்ப்பவர் ஒரு மிடறிலேயே ஒதுக்கிவிடுவார். வெடிப்பைத் தேட, அடுப்பு ஆறியபின் இருட்டில் குழாய்களுக்குள் பிரகாசமான விளக்கை வைத்து, காற்றுப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஒளி ஊசிமுனையாகத் தெரியும் இடமே ஓட்டை. இணைப்புகளையும் கதவு விளிம்புகளையும் சோதிக்க, விசிறி ஓடும்போது எரியும் ஊதுபத்தியைக் கிட்டக் கொண்டுபோனால் போதும். புகை எங்கே வளைந்து உள்ளே ஓடுகிறதோ அங்கே கசிவு.

ஸ்டோரில் அந்த வெடிப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். கனடாவின் எரிவாயு வெப்பமூட்டியில் அதே வெடிப்பு ஏற்பட்டால் கண்டுபிடிக்க நாக்கும் இல்லை, மூக்கும் இல்லை. சரியாக எரியாத வாயுவிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகக் குருதியின் ஈமோகுளோபினோடு பிணையும். ஒன்டாரியோ மாகாணத்தில், எரிபொருள் கொண்டு சூடேற்றும் வீடுகளில் படுக்கையறைக்கு அருகே அதைக் கண்டறியும் அலாரம் இருக்கவேண்டும் என்று 2014இல் விதி வந்தது. நீலமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாக ஆடினால், ஜன்னல் கண்ணாடிகளில் வழக்கத்துக்கு மாறாக ஈரம் வழிந்தால், உடனே சேவைக்காரரை அழைக்க வேண்டும்.

இங்கே லயத்துக்குத் திரும்புவோம். கொழுந்துக்குப் போகும் காற்றில் ஒரு துளி புகை கலக்கக் கூடாது என்று நூறாண்டுக்கு மேலாக இரும்பையும் பொறியியலையும் செலவழித்திருக்கிறோம். அந்தக் கொழுந்தைப் பறிக்கும் பெண், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், புகைபோக்கி இல்லாத அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதுகிறாள். பழைய லயங்கள் பலவற்றில் இரண்டு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருப்பதால் பின்சுவரில் ஜன்னல் வைக்கவும் வழியில்லை. வீட்டுக்குள் எரிபொருள் எரிவதால் வரும் காற்று மாசு 2020இல் உலகம் முழுவதும் 32 இலட்சம் உயிர்களைப் பறித்தது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இலைக்குக் கிடைத்த காற்று மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பதை இந்தத் துறையின் வெட்கக்கேடு என்றே சொல்வேன்.

செய்யக்கூடியவை உண்டு. 1980களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்ட, இரண்டு பானை வைக்கும் அனகி என்ற களிமண் அடுப்பு விறகுச் செலவை நன்றாகக் குறைக்கும். ஆனால் புகையை வெளியே கொண்டுபோகாது, அதற்குத் தனியாகப் புகைபோக்கி வேண்டும். வைத்த புகைபோக்கி வேலை செய்கிறதா என்பதை ஸ்டோரின் ஊதுபத்திச் சோதனையே சொல்லும்: அடுப்பு எரியும்போது அதன் வாயருகே பிடித்த ஊதுபத்தியின் புகை அடுப்புக்குள் வளைய வேண்டும். அறைக்குள் திரும்பினால், குழாயில் கரி அடைத்திருக்கிறது, அல்லது குழாயின் தலை கூரை முகட்டுக்குக் கீழே நின்று காற்று அதைத் திருப்பி அடிக்கிறது. விறகைத் தட்டிப் பார்ப்பது வீட்டுக்கும் பொருந்தும்.

குளிருக்காகக் கரி நெருப்பைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது மட்டும் வேண்டாம். கணகணவென்று சிவந்த கரியில் புகை இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். காபனோரொட்சைட்டு அதிலிருந்துதான் ஏராளமாக வருகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்து, வாசலுக்கு வந்ததும் குறைந்தால் அது தடிமனோ காய்ச்சலோ அல்ல. உடனே கதவு ஜன்னல்களைத் திறந்து, தூங்குகிறவர்களை எழுப்பி, குழந்தைகளையும் வயதானவர்களையும் முதலில் வெளியே கொண்டுவர வேண்டும். சட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரையாவது எழுப்ப முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டு வெளியே வந்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அதில் வருபவர்களிடம் அறைக்குள் கரி நெருப்பு இருந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஒட்சிசன் உடனே கொடுக்கவேண்டிய நோயாளி என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.